வாரண்டியில் கியர்பாக்ஸ் உண்டாம், கியரை மாற்றும் ஆக்சுவேட்டர் இல்லையாம்: பெங்களூரில் பழைய கார் வாங்கிய கதை

அல்சூர் ஆசிரியை எழுதியது:

வணக்கம். பழைய கார் ஒன்றை வாங்கி இரண்டு மாதம் ஆகப் போகிறது. அதில் 23 நாள்தான் அது என் வீட்டு வாசலில் நின்றது. மற்ற நாளெல்லாம் மகாதேவபுராவில் ஒரு சர்வீஸ் நிலையத்தின் பின்கட்டில், கண்ணாடியில் தூசி படிந்து நிற்கிறது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருப்பதால் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். புதிய ஆட்டோமேட்டிக் கார் வாங்கும் வசதி எனக்கில்லை. ஆகவே, பழைய கார்களை வாங்கிச் சரிபார்த்து விற்கும் ஒரு நிறுவனத்திடம், 43,600 கிலோமீட்டர் ஓடிய 2019-ஆம் ஆண்டு ஏ.எம்.டி. (கிளட்ச் மிதிக்காமலே கியர் தானாக மாறும்) பெட்ரோல் கார் ஒன்றை ஆகஸ்ட் 2-ஆம் தேதி 4,72,000 ரூபாய்க்கு எடுத்தேன். அதற்கு மேல் ஒரு வருட வாரண்டி என்று 15,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். "எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் முழுக்க அடக்கம், மேடம், பெட்ரோல் மட்டும் போட்டு ஓட்டுங்கள்" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னார். பச்சை நிறக் குறிகள் நிரம்பிய பரிசோதனை அறிக்கை ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். கியர் மாற்றம் என்ற வரிக்கு எதிரிலும் பச்சைக் குறிதான் இருந்தது.

ஆகஸ்ட் 25-ஆம் தேதி காலை, டின் ஃபேக்டரி நிறுத்தத்தைத் தாண்டி கே.ஆர்.புரம் தொங்குபாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, கியர் தானாக நியூட்ரலுக்குப் போய் ஒரு மணிச்சத்தம் கேட்டது. அதன் பிறகு எந்தக் கியரும் விழவில்லை. பின்னால் நின்ற பேருந்துகளின் ஹாரன் சத்தத்தை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. இழுவை வண்டியில் ஏற்றி, நிறுவனம் சொன்ன சர்வீஸ் நிலையத்துக்கே கொண்டு சேர்த்தேன். அன்றைக்கு மீட்டரில் 44,210 இருந்தது. அதாவது நான் ஓட்டியது 610 கிலோமீட்டர்.

ஆக்சுவேட்டர் தொகுதியை முழுவதுமாக மாற்ற 58,400 ரூபாய், கிளட்ச் செட்டுக்குக் கூலியோடு 16,900 ரூபாய், ஆக மொத்தம் 75,300 ரூபாய் என்று எஸ்டிமேட் வந்தது. கிளட்ச் தேயும் பொருள் என்பதால் வாரண்டியில் வராதாம். ஆக்சுவேட்டரோ, வாரண்டிப் பத்திரத்தின் ஐந்தாம் பக்கத்தில் சொல்லியிருக்கும் "எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் உள்ளே எண்ணெயில் இயங்கும் இயந்திரப் பாகங்கள்" என்ற வரையறைக்குள் அடங்காதாம். அது கியர்பாக்ஸுக்கு வெளியே பொருத்தப்பட்ட கருவியாம். கியர்பாக்ஸ் அடக்கம் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, கியரை மாற்றும் கருவி கியர்பாக்ஸ் அல்ல என்று சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

விற்ற நிறுவனத்தைக் கேட்டால், வாரண்டி கொடுத்தது வேறு நிறுவனம், அவர்களிடம் பேசுங்கள் என்கிறது. வாரண்டி நிறுவனம், வாங்குவதற்கு முன்பே இருந்த பழுதாக இருந்தால் விற்றவரைத்தான் கேட்க வேண்டும் என்கிறது. சர்வீஸ் நிலையம், எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் தராவிட்டால் நாளொன்றுக்கு 300 ரூபாய் நிறுத்தக் கட்டணம் போடுவோம் என்கிறது. இதற்கிடையில், கார் வாங்கிய பிறகும் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு நான் மெட்ரோவில்தான் பள்ளிக்குப் போய் வருகிறேன்.

ஆக்சுவேட்டர் கியர்பாக்ஸின் பகுதியா, இல்லையா? இப்போதைக்குப் பணத்தைக் கட்டிக் காரை எடுத்துவிட்டுப் பிறகு கேட்பது சரியா? வழக்கு என்றால் டெல்லியில்தான், அதுவும் நீதிமன்றத்துக்குப் பதில் ஒரு தனி நடுவர் முன்னால்தான் என்று பத்திரத்தில் அச்சிட்டிருக்கிறார்களே, அது என்னைக் கட்டுப்படுத்துமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வில்சன் கார்டன் பட்டறைக்காரர் எழுதியது:

அம்மா, 26 வருடமாகக் கார் வேலைதான் செய்கிறேன். அதில் முதல் 11 வருடம் சர்வீஸ் நிலையத்தில், பிறகு சொந்தப் பட்டறை. உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

ஏ.எம்.டி. என்பது தனி வகைக் கியர்பாக்ஸ் அல்ல. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸின் மேல், உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையைச் செய்ய ஓர் இயந்திரத்தை உட்கார வைத்திருக்கிறார்கள், அதுதான் ஆக்சுவேட்டர். 2014-இல் மாருதி செலேரியோவில் இந்த ஏற்பாடு நம் ஊருக்கு வந்தது. விலை குறைவு என்பதால் பிறகு பல கார்களுக்குப் பரவியது. உங்கள் கார் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் வகையாக இருந்தால், அதில் ஒரு சிறு மின்பம்பு இருக்கும், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் என்ற குடுவை இருக்கும், எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வுகள் இருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்ததும் முன்பக்கத்திலிருந்து 'ர்ர்' என்று சில நொடி ஒரு சத்தம் வருமே, அது அந்தப் பம்பு அழுத்தம் ஏற்றும் சத்தம்தான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் அடிக்கடி கேட்டால் குடுவை அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை என்று பொருள். நீங்கள் வாங்கிய முதல் வாரத்திலேயே அப்படிக் கேட்டதா என்று நினைத்துப் பாருங்கள்.

ஆக, உங்கள் ஆக்சுவேட்டருக்குள்ளும் எண்ணெய்தான் ஓடுகிறது. "உள்ளே எண்ணெயில் இயங்கும்" என்று அவர்கள் எழுதியது உராய்வைத் தடுக்கும் எண்ணெயை மனத்தில் வைத்து. இது அழுத்தம் தரும் எண்ணெய். இரண்டும் ஒன்றல்ல என்று அவர்கள் வாதாடுவார்கள், அதில் நியாயமும் கொஞ்சம் உண்டு. ஆகவே அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். அதைவிட வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது. கார் தயாரித்த நிறுவனத்தின் உதிரிபாகப் பட்டியலில் ஒவ்வொரு பாகமும் எந்தத் தொகுதியில் வருகிறது என்று படத்தோடு இருக்கும். உங்கள் காரின் ஆக்சுவேட்டர் அங்கே டிரான்ஸ்மிஷன் தொகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுங்கள். காரைச் செய்தவனே கியர்பாக்ஸ் கணக்கில் வைத்ததை வாரண்டி விற்றவன் எப்படி வெளியே தள்ளுவான்?

இரண்டாவது, காரின் கணினிப் பெட்டியைப் படிக்கும் ஸ்கேனரின் அறிக்கை. கியரைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைத் தானே கற்று நினைவில் வைத்துக்கொள்ளும். தேய்மானம் எவ்வளவு என்பதைச் சரியான ஸ்கேனரில் எண்ணாகவே பார்க்கலாம். பதிவான பிழைக் குறியீடுகளும் அங்கே இருக்கும். அதை அச்செடுத்து, சர்வீஸ் நிலையத்தின் முத்திரையோடு வாங்குங்கள். தவறாக ஓட்டினால் கிளட்ச்சைச் சீக்கிரம் கெடுக்கலாம் என்பது உண்மைதான். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைப்பவர்களை டின் ஃபேக்டரியில் தினமும் பார்க்கலாம். ஆனால் நல்ல கிளட்ச் ஒன்றை 610 கிலோமீட்டரில் அந்த அளவுக்குத் தேய்க்க வேண்டுமென்றால் திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஆர்.சி. (வாகனப் பதிவுச் சான்று) உங்கள் பெயரில் இருந்தால் அதைக் காட்டி, கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் இந்தக் காரின் பழைய சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். முந்தைய உரிமையாளரின் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுத் தருவார்கள். எந்தத் தேதியில் என்ன குறை சொல்லி வண்டியை விட்டார், என்ன வேலை செய்தார்கள், எந்த வேலையை வேண்டாம் என்றார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் வாரண்டிக்காரரும் இல்லாமல் யாரும் கியர்பாக்ஸை இறக்க விடாதீர்கள். இறக்கிவிட்ட பிறகு, எது எப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல நேரம் கெட்டிருப்பது அந்தக் குடுவையோ பம்போ மட்டும்தான். அதைத் தனியாக மாற்றினால் செலவு பாதிகூட ஆகாது. ஆனால் பிரச்சினை தீரும்வரை அந்த மலிவு வழியைப் பற்றி அவர்களிடம் பேச வேண்டாம்.


ஆர்.டி. நகர்க்காரன் எழுதியது:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுவேன். மூன்று வருடத்துக்கு முன்பு நானும் இதே போல் வாங்கி மாட்டியவன். எனக்குக் கெட்டது டர்போ, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. பத்திரத்தில் எஞ்சின் அடக்கம், டர்போ அடக்கமில்லை. எட்டு வாரம் தொலைபேசியில் பேசிப் பேசி அலுத்துப்போய், அலுவலகம் போக வண்டி வேண்டும் என்பதற்காகச் சொந்தப் பணத்தில் வெளியே ஒரு பட்டறையில் மாற்றிவிட்டேன். பழைய டர்போவை அவர்கள் இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது, பழுது இருந்ததற்கு என்ன ஆதாரம், எங்கள் அனுமதி இல்லாமல் ஏன் பிரித்தீர்கள் என்று ஒரே ஒரு பக்கத்தில் பதில் வந்தது. பதினாறு மாதம் அலைந்தேன், கையில் ஒன்றும் வரவில்லை. பணத்தைக் கட்டி எடுத்துவிட்டுப் பிறகு கேட்கலாமா என்கிறீர்களே, அதற்கு என் பதில் இதுதான்.

அதன் பிறகு நான் வாங்கிய கார் எங்கள் தெருவிலேயே ஒருவருடையது. வாரண்டி கிடையாது, பச்சைக் குறி கிடையாது. தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய், காலையில் எஞ்சின் சூடேறும் முன்பே ஸ்டார்ட் செய்து பார்த்து, ஹெப்பால் வரை ஓட்டிப் பார்த்து வாங்கினேன். மெக்கானிக்குக் கொடுத்தது 2,000 ரூபாய். 15,500 ரூபாய்க்கு ஐந்து பக்கக் காகிதம் வாங்குவதைவிட அது மேல் என்பது என் கருத்து. ஆசிரியை அவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அந்தக் காகிதத்தை நம்பியவன்தானே.

ஒரு கேள்வி. ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? நீங்கள் அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. எனக்கு நான்கு மாதம் மாற்றாமல் இழுத்தடித்தார்கள். அதுவரை அபராதமோ விபத்தோ எல்லாம் பழைய உரிமையாளர் தலையில்தான் விழும், இன்சூரன்ஸும் அவர் பெயரிலேயே தொங்கும். பெயர் மாறாததைக் காட்டி வாரண்டியையே மறுத்த கதையும் கேட்டிருக்கிறேன்.


அல்சூர் ஆசிரியை எழுதியது:

ஆர்.சி. இன்னும் வரவில்லை. இந்திராநகர் ஆர்.டி.ஓ.வில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார்கள். அந்தச் சத்தத்தைப் பற்றிப் பட்டறைக்கார ஐயா கேட்டது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அது வந்தது. ஏ.சி.யின் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


சாந்திநகர் வழக்குரைஞர் எழுதியது:

நுகர்வோர் வழக்குகளில் பல ஆண்டுகளாக ஆஜராகி வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பத்திரங்களைப் பார்க்காமல் சொல்வதால், இதைப் பொதுவான வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டறைக்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவர் சேகரிக்கச் சொன்ன சாட்சி இருபுறமும் கூர்மையுள்ள கத்தி. வாங்கும்போதே கிளட்ச்சும் ஆக்சுவேட்டரும் கெட்டிருந்தன என்று நீங்கள் நிரூபித்தால் விற்ற நிறுவனம் மாட்டிக்கொள்ளும். ஆனால் அதே நொடியில் வாரண்டி நிறுவனம், முன்பே இருந்த பழுது எங்கள் பொறுப்பல்ல என்று தன் விலக்குப் பிரிவைக் காட்டித் தப்பிக்கும். மாறாக, வாங்கும்போது எல்லாம் நன்றாக இருந்தது, பிறகுதான் கெட்டது என்றால் வாரண்டி நிறுவனம் பதில் சொல்ல வேண்டும், விற்றவர் தப்பிப்பார். இவ்வளவு நாளும் அவர்கள் உங்களைப் பந்தாகத் தட்டி விளையாட முடிந்தது இதனால்தான். ஒருவரிடம் ஒரு கதையும் மற்றவரிடம் வேறொரு கதையும் தனித்தனி மின்னஞ்சலில் நீங்களே எழுதிவிட்டால், இரண்டையும் எடுத்து வைத்து உங்களையே முரண்பட்டவராகக் காட்டிவிடுவார்கள். ஆகவே இருவருக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள்; பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் அதிலும் இருவரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்குங்கள். பழுது விற்பனை நாளில் இருந்தது, இல்லையென்றால் வாரண்டிக் காலத்தில் வந்தது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும், எது என்பதை அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்பதே உங்கள் நிலைப்பாடாக இருக்க வேண்டும். கார் விற்ற அதே மேசையில், அதே நபர்தானே வாரண்டிக்கும் பணம் வாங்கினார்?

விற்ற நிறுவனம், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, விற்றவர் முந்தைய உரிமையாளர் என்று சொல்லக்கூடும். உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். காரின் முழு விலைக்கும் நிறுவனத்தின் பெயரில் ரசீது இருக்கிறதா, அல்லது சேவைக் கட்டணத்துக்கு மட்டும் இருக்கிறதா? மோட்டார் வாகன விதிகளில் செய்த ஒரு திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் காரை டீலரிடம் ஒப்படைத்ததை 29சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு கார் விற்கப்படும்வரை டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தப் படிவம் கொடுக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். கொடுத்திருந்தால் தரகர் வாதம் வலுவிழக்கும். கொடுக்கவில்லையென்றால் ஏன் கொடுக்கவில்லை என்று அவர்கள் விளக்க வேண்டியிருக்கும். ஆர்.டி. நகர் நண்பர் தெருவில் வாங்கியது போலத் தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கே போக முடியாது, சிவில் நீதிமன்றம்தான். அந்த வழியின் மலிவுக்கு இப்படி ஒரு விலையும் உண்டு.

டெல்லி என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் புகார் செய்ய உரிமை தருகிறது. நடுவர் பிரிவு இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்பதை எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. காருக்கும் வாரண்டிக்கும் சேர்த்து நீங்கள் கொடுத்தது 4,87,500 ரூபாய். ஆகவே கட்டணம் கிடையாது. நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், வழக்குரைஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இப்படிச் சொல்வது என் தொழிலுக்கு நல்லதல்ல என்றாலும் உண்மை அதுதான். இரண்டு ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு பிசகு பலர் செய்வது. வாரண்டிப் பத்திரத்தின் வரிகளே அநியாயமானவை என்று புகாரை எழுதிவிடுகிறார்கள். அநியாய ஒப்பந்தம் என்ற அடிப்படையில் கேட்டால் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரமில்லை, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். நீங்கள் சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் மேல் நில்லுங்கள். கியர் மாற்றத்துக்குப் பச்சைக் குறி போட்ட பரிசோதனை அறிக்கையும், முழுக்க அடக்கம் என்ற வாக்குறுதியும் அந்த இரண்டுக்குள் வரும். அந்த வாக்குறுதி வாட்ஸாப்பில் எங்காவது எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். வாய்மொழியாக மட்டும் இருந்தால் மறுத்துவிடுவார்கள்.

புகாரை மூன்று மாதத்தில், பரிசோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நாளாகும். ஆகவே முதலில் கடிதம், கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு பதிவு. அங்கே தமிழிலும் பேசலாம். பல நிறுவனங்கள் இந்த நிலையிலேயே இறங்கி வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தக் கட்டணத்தைப் பொறுத்தவரை, கார் அவர்கள் சொன்ன இடத்தில், அவர்கள் முடிவுக்காகக் காத்து நிற்கிறது என்பதைச் சர்வீஸ் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை இருவருக்கும் அனுப்புங்கள்.


அல்சூர் ஆசிரியை எழுதியது (ஐந்து வாரத்துக்குப் பிறகு):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் முறையாகாது.

கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் இரு நிறுவனங்களுக்கும் அனுப்பினேன். 29சி படிவத்தைக் கேட்டிருந்த பத்தியை அவர்கள் மிகவும் கவனமாகப் படித்திருக்க வேண்டும், ஏனெனில் ஒன்பதாம் நாளே ஆர்.சி. கைக்கு வந்துவிட்டது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். முதல் நாள் தர மறுத்தார்கள், மறுநாள் மேலாளரைப் பார்த்த பிறகு வரலாற்றை அச்செடுத்துக் கொடுத்தார்கள். ஏப்ரல் மாதத்தில், 42,900 கிலோமீட்டரில், "ஏற்றத்தில் சில நேரம் கியர் விழவில்லை" என்று முந்தைய உரிமையாளர் வண்டியை விட்டிருக்கிறார். ஆக்சுவேட்டரும் கிளட்ச்சும் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எதிரில் "வாடிக்கையாளர் வேண்டாம் என்றார்" என்று இருக்கிறது. அடுத்து 700 கிலோமீட்டர் ஓடி அந்தக் கார் எனக்கு வந்திருக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, 75,000 ரூபாய் செலவு என்றதும் விற்றுவிட நினைத்திருக்கிறார். வாங்கிய நிறுவனத்துக்குத்தான் இந்த ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்கத் தோன்றவில்லையா, வாங்கியும் பச்சைக் குறி போட்டார்களா என்று தெரியவில்லை.

ஸ்கேனர் அறிக்கையையும் உதிரிபாகப் பட்டியலின் பக்கத்தையும் இதோடு சேர்த்து அனுப்பி, 1915-இலும் பதிவு செய்தேன். ஆக்சுவேட்டர் டிரான்ஸ்மிஷன் தலைப்பின் கீழ்தான் இருந்தது. பன்னிரண்டாம் நாள் விற்ற நிறுவனத்திலிருந்து அழைப்பு. வழக்குரைஞர் அம்மா சொன்னது போலவே, வாரண்டி நிறுவனத்தைப் பற்றி இந்த முறை அவர்கள் பேச்சே எடுக்கவில்லை. ஆக்சுவேட்டரின் முழுச் செலவையும், கிளட்ச்சில் பாதியையும் நல்லெண்ண அடிப்படையில் ஏற்கிறார்களாம். என் பங்கு 8,450 ரூபாய். நிறுத்தக் கட்டணம் கிடையாது. இரண்டு மாதமாகக் கார் இல்லாததற்கு எதுவும் தர மாட்டார்கள்.

எனக்கு இது போதும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அதில், "இந்த வாகனம் தொடர்பாக இனி எக்காலத்திலும் எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்" என்று ஒரு வரி இருக்கிறது. போடலாமா?


சாந்திநகர் வழக்குரைஞர் எழுதியது:

அப்படியே போடாதீர்கள். உங்களுக்கு இன்னும் ஒன்பது மாத வாரண்டி மீதமிருக்கிறது. அந்த வரி அதையும் சேர்த்து அழித்துவிடும். "ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஏற்பட்ட, இந்த எண்ணுள்ள ஜாப் கார்டில் குறிப்பிட்ட பழுது தொடர்பாக மட்டும்" என்று திருத்தி அனுப்புங்கள். ஜாப் கார்டு என்பது வண்டியை விடும்போது சர்வீஸ் நிலையம் எழுதும் வேலைச் சீட்டு. புதிதாகப் போடும் ஆக்சுவேட்டருக்கு உதிரிபாக வாரண்டி எத்தனை மாதம் என்பதையும், பழுது நீக்கிக் காரை ஒப்படைக்கும் தேதியையும் அதே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். திருத்தத்துக்கு அவர்கள் மறுத்தால் புகாரைப் பதிவு செய்யுங்கள். உங்கள் கையில் இருக்கும் ஏப்ரல் மாத ஜாப் கார்டு போன்ற சாட்சி பல வழக்குகளில் எங்களுக்குக் கிடைப்பதில்லை.


அல்சூர் ஆசிரியை எழுதியது:

நான்கு நாள் யோசித்துவிட்டுத் திருத்தத்தை ஒப்புக்கொண்டார்கள். உதிரிபாக வாரண்டி ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை கார் தருவதாகச் சொல்கிறார்கள். எடுக்கும்போது நான் எதைப் பார்க்க வேண்டும், பட்டறைக்கார ஐயா?


வில்சன் கார்டன் பட்டறைக்காரர் எழுதியது:

நல்லது அம்மா. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்விடுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கதவைத் திறந்ததும் பம்பு சில நொடி ஓடி நிற்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள். பம்பு அடிக்கடி மறுபடி ஓடினால் வண்டியை எடுக்காதீர்கள். புதுக் கிளட்ச் போட்ட பிறகு அது பிடிக்கும் இடத்தை ஸ்கேனர் வைத்துக் கணினிப் பெட்டிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். செய்தோம் என்று வாயால் சொல்வார்கள், நீங்கள் அச்செடுத்த தாளைக் கேளுங்கள். அங்கேயே ஏற்றமான இடம் ஒன்றில் நிறுத்தி, முன்னாலும் பின்னாலும் மூன்று நான்கு முறை எடுத்துப் பாருங்கள்.

கிளட்ச்சுக்குப் பாதிப் பணம் நீங்கள் கொடுத்திருப்பதால், கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை வில்சன் கார்டன் பக்கம் வந்தால் ஸ்கேனர் போட்டு நானும் ஒரு முறை பார்த்துவிடுகிறேன், காசு வேண்டாம்.